காளிக்கு வைத்த கல்

கோப்பை வாங்கும் நாயோடு அதை வளர்த்தவரையும் சேர்த்துக் கௌரவிப்பது மைசூர்ச் சீமைக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு ஒரு வேட்டை நாய்க்குக் கல் நட்டு, நிலம் எழுதி வைத்து, பூஜையும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

கயிறு கட்டி வளைத்த புல்தரை. நடுவே நடுவர். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டம். மடக்கு மேஜை மீது சிலை போல நிற்கிறது ஒரு நாய். அதன் உதட்டை விலக்கிப் பல் வரிசையைப் பார்க்கிறார் நடுவர். தோளைத் தடவுகிறார், முதுகை அளப்பது போல உள்ளங்கையால் நீவுகிறார். பிறகு ஒரு சைகை. ஹேண்ட்லர் வாரைப் பிடித்துக்கொண்டு ஓட, நாய் நேர்கோட்டில் போய்த் திரும்புகிறது. அடுத்த சில நிமிடங்களில் ஒரு ரிப்பன் கைமாறுகிறது. வளையத்துக்கு வெளியே ஒரு குடும்பம் எழுந்து நின்று கை தட்டுகிறது.

மைசூரில் அகில இந்திய நாய்க் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் காணக் கிடைக்கும் காட்சி இது. தசரா நாட்களில் செல்லப் பிராணிகளுக்கென்றே தனிக் காட்சி நடந்ததும் உண்டு. பக்கத்தில் ஊட்டி. அங்கு தென்னிந்திய கென்னல் கிளப் மே மாதத்தில் நடத்தும் நாய்க் காட்சி கோடை விழாவின் பெரிய ஈர்ப்பு. பெங்களூர், மைசூர், ஊட்டி, கோவை, சென்னை என்று சீசன் முழுக்க நாய்களோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செலவுக்குக் கணக்கில்லை. கிடைப்பது ஒரு கோப்பை, ஒரு சான்றிதழ், நாயின் பெயருக்கு முன்னால் சேரும் 'சாம்பியன்' என்ற ஒரு சொல்.

அந்த ஒரு சொல்லுக்காகவா இவ்வளவும்?

எழுத்தில் வரும் கௌரவம்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நாய்களின் அழகிப் போட்டி. உள்ளே இருப்பவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நடுவர் ஒரு நாயை இன்னொரு நாயோடு ஒப்பிடுவதில்லை என்பதுதான் ஆட்டத்தின் அடிப்படை. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதப்பட்ட இலக்கணம் உண்டு. உயரம் எவ்வளவு, காது எப்படி, வால் எங்கே தொடங்க வேண்டும், நடை எப்படி இருக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் அந்த இலக்கணத்துக்கு எந்த நாய் மிக அருகில் வருகிறதோ அதற்கே பரிசு.

வயதுக்கு ஏற்ப வகுப்புகள் உண்டு. குட்டி, இளசு, நடுத்தரம், எல்லோருக்கும் பொது. இவற்றோடு இந்தியாவுக்கே உரிய ஒரு வகுப்பும் உண்டு: 'இந்தியாவில் பிறந்தவை'. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் நாய்கள் எவ்வளவு ஆதிக்கம் செலுத்தியிருந்தால் உள்ளூரில் பிறந்ததற்கென்று தனி வகுப்பு வைத்திருப்பார்கள்! இனத்தில் முதலாவதாக வரும் நாய் தன் குழுவில் போட்டியிடும். குழுக்களில் வென்றவை கடைசியில் ஒன்றாக நிற்கும். அவற்றில் ஒன்றுதான் அன்றைய 'பெஸ்ட் இன் ஷோ'.

ஒரு நாள் வெற்றி சாம்பியன் பட்டத்துக்குப் போதாது. இந்த முறையின் தாயகமான இங்கிலாந்தில் மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று சான்றுகள் வாங்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது நாய்க்கு ஒரு வயது நிரம்பிய பிறகு கிடைத்திருக்க வேண்டும். ஒரு நடுவரின் தனிப்பட்ட ரசனை பட்டம் ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பும் இதே வழியில் வெவ்வேறு நடுவர்களின் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் பட்டம் தருகிறது.

கண்காட்சி என்ற பழக்கமே 1859-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் தொடங்கியது. வேட்டைக்காரர்களின் நாய்களுக்காக நடந்த போட்டி என்பதால் வென்றவருக்குப் பரிசு துப்பாக்கி. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் பிறந்தது. 1891-ல் க்ரஃப்ட்ஸ் கண்காட்சி. அதைத் தொடங்கிய சார்லஸ் க்ரஃப்ட் நாய் பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்தவர். வியாபாரமும் விளையாட்டும் அன்றே கைகோத்துக்கொண்டன.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது கோப்பையை அல்ல, கண்காட்சியின் கையேட்டை. ஒவ்வொரு நாய்க்கும் அதில் சில வரிகள். நாயின் பெயர், பதிவு எண், பிறந்த தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர், பிறகு இரண்டு மனிதப் பெயர்கள்: பிறப்பித்தவர், உரிமையாளர். நாயின் பெயருக்கு முன்னால் அது பிறந்த கூடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். நாய் பத்துக் கை மாறினாலும் அந்தப் பெயர் மாறாது. கும்பகோணத்தில் செய்த விளக்கு எந்த ஊருக்குப் போனாலும் கும்பகோணத்து விளக்குதான் என்பது போல. வளையத்தில் ஓடுவது நாய். கௌரவம் போய்ச் சேருவது பல தலைமுறையாக எது எதோடு சேர வேண்டும் என்று யோசித்து, இரவு கண் விழித்துக் குட்டிகளைக் காப்பாற்றிய மனிதருக்கு.

நாயையும் மனிதரையும் ஒரே வரியில் எழுதுவது ஆங்கிலேயர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்தால், மைசூரிலிருந்து பெங்களூர் சாலையில் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போய்ப் பார்க்க வேண்டும்.

பரிசாகக் கேட்டது நாயை

மத்தூர் என்றால் ரயில் பயணிகளுக்கு வடை நினைவுக்கு வரும். மண்டியா மாவட்டத்தின் அந்தத் தாலுகாவில் ஆதகூர் என்று ஒரு கிராமம். அங்கு கிடைத்த கல்வெட்டு ஒன்று தமிழக வரலாறு படித்தவர்கள் எல்லோருக்கும் மறைமுகமாகத் தெரிந்ததுதான். கி.பி. 949-50 காலத்தது. தக்கோலம் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்டதைச் சொல்லும் முக்கியச் சான்று அது.

முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன். யானை மேல் இருந்தபடியே உயிர் விட்டதால் 'ஆனைமேல் துஞ்சியவர்' என்று சோழர்கள் அவரை நினைவுகூர்ந்தார்கள். எதிரணியில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனோடு நின்றவன் அவனுடைய சகோதரியின் கணவனும், மைசூர் வட்டாரத்தை ஆண்ட கங்க மரபினனுமான பூதுகன். இன்றைய அரக்கோணத்துக்கு அருகே உள்ள தக்கோலத்தில் நடந்த அந்தப் போருக்குப் பிறகு சோழர்கள் தலைநிமிரச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

ஆனால் அந்தக் கல்லை நட்டது போர் வெற்றியைக் கொண்டாட அல்ல. ஒரு நாய் செத்ததற்காக.

பூதுகனின் வீரர்களில் ஒருவன் மணலேரன். போரில் அவன் காட்டிய தீரத்தை மெச்சிய பூதுகன், வேண்டியதைக் கேள் என்கிறான். ஊர் கேட்கலாம், பொன் கேட்கலாம். மணலேரன் கேட்டது பூதுகனிடம் இருந்த காளி என்ற வேட்டை நாயை. கேட்டபடியே கிடைத்தது. பிறகு ஒரு நாள் பெரிய காட்டுப் பன்றி ஒன்றின் மீது காளியை ஏவுகிறார்கள். நாயும் பன்றியும் மோதி இரண்டுமே மடிகின்றன.

மணலேரன் ஆதகூர்க் கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டான். நாயும் பன்றியும் மோதும் காட்சியை அதில் செதுக்கினார்கள். கல்லைப் பராமரிக்க நிலமும் எழுதி வைத்தார்கள். அதோடு ஒரு நிபந்தனை: அந்தக் கல்லுக்குப் பூஜை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால், நாய் செய்த பாவம் அவரைச் சேரும். இன்று அந்தக் கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில்.

ஒரு பேரரசின் போர்ச் செய்தி நமக்குக் கிடைத்தது ஒரு நாயின் நினைவுக் கல்லில் என்பது வரலாற்றின் விளையாட்டு. நாயின் பெயர் இருக்கிறது. அதைக் கொடுத்தவன் பெயர், வாங்கியவன் பெயர், எதற்காகக் கொடுத்தான் என்ற காரணம், அது எப்படிச் செத்தது என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன. கண்காட்சிக் கையேட்டில் இன்று எழுதுவதில் பெரும்பகுதியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிவிட்டார்கள்.

தமிழகத்துக்கு இந்த விஷயத்தில் மூப்பு இன்னும் அதிகம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் கவர வந்தவர்களோடு போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கான கல் அது. அவனுக்குப் பின்னால் ஒரு நாயின் உருவம். அதன் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த அதன் செயலையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். எஜமானனுக்கு வைத்த கல்லில் நாய்க்கும் இடம். ஆதகூரில் நாய்க்கு வைத்த கல்லில் எஜமானனுக்கு இடம்.

முதோளின் முகம்

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது பின்னால்தான். மைசூரிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, பாகல்கோட் மாவட்டத்தில் இருக்கிறது முதோள். ஒடுங்கிய நீண்ட தலை, ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, விரைந்து ஓடவே படைத்தது போன்ற கால்கள். முதோள் ஹவுண்ட் என்று உலகம் அறிந்த நாய் இதுதான். அந்தப் பக்கத்து வேடர்கள் வேட்டைக்காக வைத்திருந்த நாய்களைப் பார்த்து ரசித்து, தேர்ந்தெடுத்துப் பெருக்கியவர் முதோள் சமஸ்தானத்து அரசர் மாலோஜிராவ் கோர்ப்படே. ஒரு ஜோடியை அவர் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்குப் பரிசாகக் கொடுத்தார் என்றும், முதோள் என்ற பெயர் அதன் பிறகே நிலைத்தது என்றும் சொல்வார்கள்.

பெயர் சமஸ்தானத்துக்குப் போயிற்று. தலைமுறை தலைமுறையாக வளர்த்த வேடர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பெயரில் இன்னொரு குழப்பமும் உண்டு. இந்திய கென்னல் கிளப்பின் பதிவேட்டில் இந்த வகை நாய் 'கேரவன் ஹவுண்ட்'. இன்னொரு அமைப்பில் 'முதோள் ஹவுண்ட்'. இரண்டும் ஒன்றுதானா என்ற வாதம் நாய்க்காரர்களிடையே ஓய்ந்தபாடில்லை.

கண்காட்சி வளையத்தில் ஜெர்மன் ஷெப்பர்டும் டாபர்மேனும் லாப்ரடாரும் பெற்ற மரியாதை நாட்டு நாய்க்குக் கிடைக்கவில்லை. அது வேறு வாசல் வழியாக வந்தது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: முதோள், ராஜபாளையம், ராம்பூர், இமயமலை ஷீப்டாக். 2016-ல் ராணுவத்தின் மீரட் பயிற்சி மையத்துக்கு முதோள் குட்டிகள் போயின. அவற்றைக் கொடுத்தது முதோள் தாலுகா திம்மாபூரில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையம். 2020 ஆகஸ்டில் வானொலி உரையில் பிரதமர் நரேந்திர மோடி முதோளையும் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதே உரையில் ராணுவத் தளபதியின் பாராட்டு அட்டை பெற்ற சோஃபி, விடா என்ற இரண்டு ராணுவ நாய்களையும் குறிப்பிட்டார்.

உண்மையான பதிலடி வந்தது 2024-ல். லக்னோவில் நடந்த அகில இந்தியப் போலீஸ் திறன் போட்டியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா என்ற முதோள் நாய், மோப்பம் பிடித்துத் தடம் காணும் பிரிவில் முதலிடம் பெற்றது. போட்டியின் சிறந்த நாய் என்ற பட்டமும் அதற்கே. தோற்றவை எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு இனங்கள். 2025 அக்டோபர் 31 அன்று குஜராத்தின் ஏக்தா நகரில் நடந்த தேசிய ஒற்றுமை தின அணிவகுப்பில் முதோள், ராம்பூர் நாய்களின் தனி அணி இடம்பெற்றது.

ரியா வென்றது அழகுக்காக அல்ல, வேலைக்காக. காளிக்குக் கல் வைத்ததும் அதற்காகத்தான்.

புகழின் விலை

புகழ் வந்தால் கூடவே தரகரும் வருவார். நாட்டு நாய்க்கு மவுசு ஏறியதும் குட்டிகளுக்குத் தேவை கூடிற்று. பந்தயத்தில் இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று கிரேஹவுண்டோடு கலப்பதும் நடக்கிறது. கலப்பில் பிறந்ததை அசல் என்று விற்றால் வாங்குபவருக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. மறுபக்கம், நெருங்கிய உறவிலேயே திரும்பத் திரும்ப இணை சேர்ப்பதால் இனம் நலிகிறது. பால் வெள்ளையும் சிவந்த மூக்கும்தான் ராஜபாளையத்தின் அடையாளம் என்று மக்கள் பிடிவாதம் பிடித்ததில், செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அந்த இனத்தின் பழைய துயரம். நிறத்தைத் தரும் செல்கள் இல்லாதபோது உள்காதும் பாதிக்கப்படுகிறது என்பதே காரணம்.

இதற்கெல்லாம் மருந்து காகிதம்தான். தகப்பன் யார், தாய் யார், பிறப்பித்தவர் யார் என்ற பதிவு. வெளிநாட்டு நாய்க்கு அது பிறக்கும்போதே கிடைக்கிறது. கரிசல் காட்டுச் சம்சாரி வளர்க்கும் சிப்பிப்பாறைக்குக் கிடைப்பதில்லை. அவரிடம் இருப்பது நினைவு மட்டும்: இது இன்னார் வீட்டு நாயின் பேத்தி, அது முயல் பிடித்த கதை இது என்று. கன்னி நாயை விற்கக் கூடாது, கல்யாணச் சீராகத்தான் கொடுக்க வேண்டும் என்று சில குடும்பங்களில் வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். விலைக்குப் போகாத பொருளுக்கு ரசீது எதற்கு? ஆனால் நினைவு வைத்திருக்கும் கிழவர் போனால் பதிவேடும் அவரோடு போய்விடும்.

மாற்றம் மெதுவாகத் தொடங்கியிருக்கிறது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் வாரியம் மாடு, ஆடு, கோழி இனங்களைப் பதிவு செய்துவந்த பட்டியலில் முதன்முதலாக நாய்களையும் சேர்த்தது. முதலில் இடம்பெற்றவை மூன்று: ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள். இரண்டு தமிழகத்துக்கு, ஒன்று கர்நாடகத்துக்கு. உயரம், எடை, நிறம், பூர்வீகப் பகுதி என்று அளந்து எழுதியதால், 'எது அசல்' என்ற கேள்விக்கு இப்போது ஒரு ஆதாரமாவது இருக்கிறது. 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் வளர்ப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அமலாக்கம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது தெருவோர விற்பனையைப் பார்த்தாலே தெரியும்.

எழுத்துப் பணியில் தனி ஒருவராக நிறையச் செய்தவர் சு. தியடோர் பாஸ்கரன். தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிகாரியாக இருந்தவர். 2017-ல் வெளிவந்த அவருடைய இந்திய நாய்கள் பற்றிய ஆங்கிலப் புத்தகம் 25 இனங்களை வரிசைப்படுத்துகிறது. அதற்கு முன்பு 1963-ல் வந்த டபிள்யூ.வி. சோமனின் புத்தகத்தை விட்டால் இந்த வரிசையில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. அரை நூற்றாண்டுக்கு ஒரு புத்தகம் என்பது நாட்டு நாய்க்கு நாம் கொடுத்த கவனத்தின் அளவு.

யார் பெயரை எழுதுவது?

ஒரு சாம்பியன் நாய்க்கு மாலை போடும்போது மேடையில் நால்வர் இருக்க வேண்டும். வளையத்தில் ஓட்டிய ஹேண்ட்லர், செலவு செய்த உரிமையாளர், பிறப்பித்தவர், பிறகு நாய். கண்காட்சி உலகத்தின் மீது எத்தனை குறை சொன்னாலும், அங்கு இந்த நால்வருக்கும் இடம் உண்டு. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் நாட்டு நாய் அந்த உலகத்திலிருந்து கடன் வாங்க வேண்டியது கோப்பையை அல்ல, கையேட்டின் அந்தச் சில வரிகளை.

மைசூரிலோ ஊட்டியிலோ அடுத்து நடக்கும் கண்காட்சியில் ஒரு முதோளோ சிப்பிப்பாறையோ கடைசி வரிசையில் நிற்கலாம். மேஜை மீது ஏறிப் பழகாத நாய். நடுவர் வாயைத் திறந்தால் உறுமும். பரிசு கிடைக்காமலே போகலாம். கையேட்டில் அதன் தாய் தகப்பன் பெயரும், எந்தக் கிராமத்தில் யார் வீட்டில் பிறந்தது என்பதும் அச்சாகியிருந்தால் அதன் வேலை பாதி முடிந்தது.

ஆதகூரில் மணலேரன் செய்ததும் அதுதான். காளியின் பெயரை எழுதினான், அது யாரிடமிருந்து வந்தது என்பதை எழுதினான், அடுத்தவன் மறக்காமலிருக்க ஒரு நிபந்தனையும் போட்டான். அன்றாடப் பூஜை நின்று எத்தனையோ காலம் ஆயிற்று. எழுத்து மட்டும் நிற்கிறது.